நாலு நாடு, ஒரே நாற்காலி: ஐஎம்எஃப்பில் இலங்கைக்காகப் பேசுவது யார்?

2025 மே 9. ஆபரேஷன் சிந்தூர் தொடங்கி இரண்டே நாள் ஆகியிருந்தது. எல்லையில் ட்ரோன்கள் பறந்துகொண்டிருந்த அதே நேரத்தில், வாஷிங்டனில் ஐஎம்எஃப் எனப்படும் சர்வதேச நாணய நிதியத்தின் நிர்வாகக் குழு கூடியது. பாகிஸ்தானுக்கு சுமார் 100 கோடி டாலர் கடன் தவணையை விடுவிப்பதா, கூடவே காலநிலை பாதிப்புகளைச் சமாளிக்க இன்னொரு 140 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தருவதா என்பதுதான் அன்றைய கேள்வி. இரண்டுக்கும் குழு சரி சொன்னது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

அன்றைக்கு நம்ம டைம்லைன் முழுக்க ஒரே விவாதம். ஏன் ஒதுங்கினார்கள், ஏன் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு விஷயம் காணாமல் போனது. அன்று ஒதுங்கியது இந்தியாவின் ஓட்டு மட்டும் அல்ல. இலங்கை, வங்கதேசம், பூடான் ஆகிய மூன்று நாடுகளின் ஓட்டுகளும் சேர்ந்தே ஒதுங்கின. கொழும்பிலோ டாக்காவிலோ திம்புவிலோ யார் என்ன நினைத்திருந்தாலும் முடிவு அதுதான். ஏனென்றால் இந்த நாலு நாடுகளுக்கும் அந்தக் குழுவில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் இந்திய அரசு அனுப்பிய இந்தியர்.

நாற்காலிக் கணக்கு

ஐஎம்எஃப்பில் இப்போது 191 உறுப்பு நாடுகள். அன்றாட முடிவுகளை எடுக்கும் நிர்வாகக் குழுவில் இருப்பதோ 25 பேர். யாருக்குக் கடன் தருவது, என்ன நிபந்தனை வைப்பது, அடுத்த தவணையை விடலாமா என்பதெல்லாம் இந்த 25 பேர் முன்னால்தான் வரும். அமெரிக்கா, ஜப்பான், சீனா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், சவுதி அரேபியா ஆகிய ஏழு நாடுகளுக்கும் ஆளுக்கொரு தனி நாற்காலி. மீதி 18 நாற்காலிகளை மற்ற நாடுகள் குழுக்களாகச் சேர்ந்து பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல்.

நம்ம ஊர் கூட்டுறவு சங்கத்தில் ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே ஓட்டுதான். ஐஎம்எஃப் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் 'கோட்டா' என்று ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவோ, ஓட்டும் ஏறக்குறைய அவ்வளவு. அமெரிக்காவிடம் சுமார் 16.5 சதவீதம். ஜப்பான், சீனா இரண்டும் 6 சதவீதத்தை ஒட்டி. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் தலா 4. இந்தியாவுக்கு சுமார் 2.6. வங்கதேசத்துக்கு 0.24, இலங்கைக்கு 0.14, பூடானுக்கு 0.03.

பெரிய மாற்றம் எதற்கும் 85 சதவீத ஓட்டு வேண்டும். 16.5-ஐ நூறிலிருந்து கழித்துப் பாருங்கள். அமெரிக்கா தலையாட்டாமல் கோட்டாவில் ஒரு புள்ளிகூட நகராது. 2010-ல் எல்லோரும் ஒப்புக்கொண்ட சீர்திருத்தம், அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தராததால் 2016 ஜனவரி வரை காத்துக்கிடந்தது. ஐஎம்எஃப் தலைவர் ஐரோப்பியர், உலக வங்கித் தலைவர் அமெரிக்கர் என்ற எழுதப்படாத ஏற்பாடும் தொடக்கத்திலிருந்து தொடர்கிறது. இதெல்லாம் பலமுறை பேசப்பட்ட கதை. பேசப்படாத கதை, அந்த 18 கூட்டு நாற்காலிகளுக்குள் நடப்பது.

தெற்காசியா எங்கே?

உலக அமைப்பு என்றால் ஆசியாவுக்கு இத்தனை, ஆப்பிரிக்காவுக்கு இத்தனை என்று வட்டாரவாரியாக இடம் பிரித்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உலக சுகாதார அமைப்பில் அப்படித்தான் உண்டு. ஐஎம்எஃப் விதிகளில் கிடையாது. எந்த நாடு யாரோடு வேண்டுமானாலும் சேரலாம்.

விளைவு விசித்திரம். சார்க் நாடுகளையே எடுத்துக்கொள்வோம். இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூடான் ஒரு நாற்காலி. நேபாளம் நம்மோடு இல்லை. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து இருக்கும் தென்கிழக்கு ஆசியக் குழுவில் இருக்கிறது. கொச்சியிலிருந்து கொஞ்ச நேரப் பறப்பில் போய்விடக்கூடிய மாலத்தீவு, எகிப்தும் வளைகுடா நாடுகளும் இருக்கும் அரபுக் குழுவில். பாகிஸ்தான், ஈரானோடும் மொராக்கோ, அல்ஜீரியா போன்ற வட ஆப்பிரிக்க நாடுகளோடும். கனடாவின் குழுவில் கரீபியன் தீவுகளோடு அயர்லாந்து உட்கார்ந்திருக்கிறது. ஆசியாவில் இருக்கும் கிழக்கு திமோருக்காகப் பேசுவது பிரேசில் நாற்காலி. போர்ச்சுக்கீசிய மொழி உறவு போல!

வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. ஒரு குழுவின் நிர்வாக இயக்குநர் தன் குழுவின் ஓட்டுகள் அத்தனையையும் ஒரே மூட்டையாகத்தான் போட முடியும். இந்தியாவின் 2.6-ஐ ஒரு பக்கமும் இலங்கையின் 0.14-ஐ இன்னொரு பக்கமும் பிரித்துப் போட நிதியத்தின் விதிகளில் இடமில்லை. குழுவில் பெரும்பாலும் ஓட்டெடுப்பே நடக்காது, பேசி ஒருமித்த கருத்துக்கு வருவார்கள் என்பது உண்மை. ஆனால் பேசுவதும் அதே ஒருவர்தானே!

ஒரே ஆள், மூன்று வேடம்

இலங்கைக்கு வருவோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அந்த நாடு அறிவித்தது. பெட்ரோல் வரிசை, கேஸ் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் நாம் பார்த்ததுதான். 2023 மார்ச் 20-ல் ஐஎம்எஃப் நிர்வாகக் குழு சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது.

இதற்கிடையில் அங்கே வாழ்க்கை மாறிப்போனது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பிப்ரவரியில், ஐஎம்எஃப் ஒப்புதலுக்குச் சில வாரம் முன்பு, மறுபடியும் 66 சதவீதம். 8 சதவீதமாக இருந்த வாட் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18-ஐத் தொட்டது. யாழ்ப்பாணத்தில் தையல் மெஷின் ஓட்டுகிறவருக்கும், நுவரெலியா தோட்டத்து லயன் வீட்டில் ஒற்றை பல்பு எரிகிற குடும்பத்துக்கும் அந்த பில் வந்தது. கஜானா காலியான நாட்டில் கட்டணம் ஏறாமல் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், யாருக்கு விலக்கு என்பதெல்லாம் பேரம் பேசக்கூடியவை. அந்தப் பேரத்தின் கடைசிப் படி, வாஷிங்டன் குழு அறை.

அந்த அறையில் இலங்கைக்காகப் பேச வேண்டிய பொறுப்பு இந்திய இயக்குநருடையது. ஒரு நாட்டைப் பற்றிய ஐஎம்எஃப் அறிக்கை வெளியாகும்போது, அந்த நாட்டுக்கான நிர்வாக இயக்குநரின் உரையும் கூடவே வரும். இலங்கை அரசின் வாதம் அந்த உரை வழியாகத்தான் குழுவுக்குப் போகிறது.

இப்போது இந்தியாவின் மற்ற இரண்டு வேடங்களையும் சேர்த்துப் பாருங்கள். 2022-ல் சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியும் கடனும் தந்து இலங்கையைத் தாங்கிப் பிடித்த நாடு இந்தியா. கடனைச் சீரமைக்க ஒத்துழைப்போம் என்ற உறுதிமொழியை 2023 ஜனவரியில் முதலில் ஐஎம்எஃப்புக்குக் கொடுத்ததும் இந்தியாதான். நல்ல விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் பிறகு, இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகள் சேர்ந்து அமைத்த குழுவுக்கு ஜப்பான், பிரான்ஸோடு இணைத் தலைவராகவும் இந்தியா இருந்தது. 580 கோடி டாலர் கடனை எப்படித் திருப்பித் தருவது என்று 2024 ஜூனில் இலங்கை ஒப்பந்தம் போட்டது அந்தக் குழுவோடுதான்.

அதாவது, மேசையின் இந்தப் பக்கம் கடன்காரருக்காகப் பேசுகிறவர். அந்தப் பக்கம் கடன் கொடுத்தவர். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர். மூன்றும் ஒரே அரசு. சொந்த அண்ணனாகவே இருந்தாலும், வட்டிக்குக் கொடுத்தவரையே நமக்காக வாதாடும் வக்கீலாக வைத்துக்கொள்வோமா? இந்தியா எதையாவது மறைத்தது, கெடுத்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. கெடுத்திருந்தாலும் தெரிந்துகொள்ள வழி இல்லை என்பதுதான் என் பிரச்சினை. நாற்காலிக்குள் நாலு நாடும் எப்படிக் கலந்து பேசுகின்றன, கருத்து வேறுபட்டால் என்ன செய்கின்றன என்பது வெளியே வருவதே இல்லை.

கோவைக்காரர் போன கூட்டம்

இந்த நாற்காலிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்ற ஊரில்தான் ஐஎம்எஃப்பும் உலக வங்கியும் உருவாகின. இந்தியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில். ஆனாலும் தனிக் குழு போனது. தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. உறுப்பினர்களில் சி.டி.தேஷ்முக், ஏ.டி.ஷிராஃப், கூடவே கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனாரே, அவரேதான்.

அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட கோட்டா 40 கோடி டாலர். இது போதாது என்று இந்தியக் குழு வாதாடியது. அதிக கோட்டா உள்ள ஐந்து நாடுகளுக்குத்தான் நிரந்தர நாற்காலி, இந்தியா ஆறாவது. பிறகு சோவியத் யூனியன் சேராமல் விலகியதால், இந்தியா ஐந்தாம் இடத்துக்கு ஏறி நாற்காலி கிடைத்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதல் குழுவின் 12 இடங்களில் இரண்டை லத்தீன் அமெரிக்கக் குடியரசுகளுக்கென்றே விதியில் எழுதி வைத்தார்கள். வட்டார ஒதுக்கீடு என்ற எண்ணம் அன்றைக்கே இருந்தது. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அது நீளவில்லை. நீட்டிக்கக் கேட்கும் நிலையில் அன்று அங்கே பல நாடுகள் சுதந்திரமாகவே இல்லை.

ஆக, அளவுக்கேற்ற இடம் கேட்டுப் போராடுவது இந்தியாவுக்கு 80 ஆண்டுப் பழக்கம். இன்றும் கேட்கிறது, சரியாகவே கேட்கிறது. பிரிட்டனைவிடப் பெரிய பொருளாதாரம் ஆன பிறகும் 4-க்கு 2.6 என்று உட்கார்ந்திருப்பதில் எந்த நியாயமும் இல்லை. 2023 டிசம்பரில் எல்லோருடைய கோட்டாவையும் ஒரே விகிதத்தில் 50 சதவீதம் கூட்ட முடிவெடுத்தார்கள். பங்கு விகிதம் மாறவே இல்லை. எல்லோருக்கும் சம்பளத்தில் ஒரே சதவீத இன்கிரிமென்ட் கொடுத்துவிட்டு 'ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துவிட்டோம்' என்று எச்.ஆர். மெயில் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

2024 நவம்பரில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு மூன்றாவது நாற்காலி கிடைத்தது. அதுவரை 24 ஆக இருந்த குழு 25 ஆனது அப்படித்தான். சுமார் 45 நாடுகளை இரண்டே பேர் பிரதிநிதித்துவப்படுத்திய நிலையில் இது பெரிய நிம்மதி. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவரே ஓடுவதை நினைத்துப் பாருங்கள். ஆனால் நாற்காலி கூடியதே தவிர ஓட்டு கூடவில்லை. இருந்த ஓட்டையே மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இந்தியாவுக்குக் கூடினால் இலங்கைக்குக் கூடுமா?

இங்கேதான் நம் ஊர் விவாதங்கள் வழுக்குகின்றன. 'வளரும் நாடுகளின் குரல்' என்று ஒற்றைச் சொல்லில் எல்லோரையும் அடைத்துவிடுகிறோம். கோட்டா சூத்திரத்தில் பாதி எடை ஜிடிபிக்கு. அதை இன்னும் கூட்டினால் இந்தியாவும் சீனாவும் ஏறும். இலங்கையும் பூடானும் ஏறாது. மொத்தம் நூறுதான் என்பதால் கரையக்கூடும்.

சின்ன நாடுகளைத் தாங்கிப் பிடிப்பது வேறொன்று. 'அடிப்படை வாக்கு' என்று எல்லா நாடுகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படும் ஓட்டு. தொடக்கத்தில் மொத்த ஓட்டில் இது 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கோட்டாக்கள் பெருக, இது மட்டும் அப்படியே நிற்க, 2000-களில் 2 சதவீத அளவுக்குத் தேய்ந்தது. 2011-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 5.5 சதவீதமாக உயர்த்தி அங்கேயே நிலைநிறுத்தியது. பூடானிடம் இருக்கும் 0.03 சதவீதத்தில் பெரும்பகுதி இந்த வகைதான். இதை மறுபடி 11-க்குக் கொண்டுபோனால் கொழும்புக்கும் திம்புவுக்கும் நேரடி லாபம்; டெல்லிக்குக் கொஞ்சம் நஷ்டம். அந்த நஷ்டத்தை ஏற்கத் தயார் என்று டெல்லி சொன்னால், அதுதான் குரல் கொடுப்பது.

சுழற்சி முறை சாத்தியமா?

டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து, மூன்று பால்டிக் நாடுகள் என எட்டு பேர் ஒரு நாற்காலி வைத்திருக்கிறார்கள். இயக்குநர் பதவி அவர்களுக்குள் சுழல்கிறது. ஸ்விட்சர்லாந்தும் போலந்தும் மாற்றி மாற்றி உட்காருகின்றன. தென்கிழக்கு ஆசியக் குழுவிலும் சுழற்சி உண்டு.

நம் நாற்காலியில்? ரகேஷ் மோகன், சுபிர் கோகர்ன், சுர்ஜித் பல்லா, கிருஷ்ணமூர்த்தி சுப்பிரமணியன், 2025-ல் உர்ஜித் படேல். வரிசையாக இந்தியர்கள். மாற்று இயக்குநர் பதவிதான் அண்டை நாடுகளுக்கு. இலங்கையின் நந்தலால் வீரசிங்க அந்தப் பதவியில் இருந்தவர். 2022 ஏப்ரலில், நாடு கவிழ்ந்துகொண்டிருந்தபோது, மத்திய வங்கி ஆளுநராகக் கூப்பிட்டது அவரைத்தான். ஐஎம்எஃப்போடு பேசத் தெரிந்த ஆள் தேவைப்பட்ட நேரத்தில், அந்தக் குழு அறையை உள்ளிருந்து பார்த்தவர் ஒருவர் இருந்தது இலங்கைக்கு எவ்வளவு பெரிய வரம்! ஒரு நாட்டுக்கு அந்த அறைக்குள் இடம் என்பது வெறும் கௌரவம் அல்ல, பயிற்சியும் அதுதான்.

எதிர்வாதம் வலுவானது. அந்த நாலு நாட்டு மூட்டையில் ஏறக்குறைய 86 சதவீதம் இந்தியாவின் ஓட்டு. வடக்கு ஐரோப்பியக் குழுவில் எந்த ஒரு நாட்டுக்கும் தனியாகப் பெரும்பான்மை இல்லை, அதனால் சுழற்சி இயல்பாக வந்தது. இங்கே அப்படி இல்லை. பிரேசிலும் கனடாவும் இத்தாலியும்கூடத் தங்கள் நாற்காலியை விட்டுக்கொடுப்பதில்லை. இந்தியா மட்டும் ஏன் ஏமாளி ஆக வேண்டும்? சரிதான். முழுச் சுழற்சியை நானும் கேட்கவில்லை. உலகின் நாலைந்து பெரிய பொருளாதாரங்களில் ஒன்று இரண்டு வருடம் பின் பெஞ்சில் உட்காராது.

ஆனால் விதியைத் திருத்தாமல், யாரிடமும் 85 சதவீத ஓட்டுக் கேட்காமல், டெல்லி நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. இயக்குநர் இல்லாத கூட்டத்தில் மாற்று இயக்குநரே அவருக்குப் பதிலாகச் செயல்படலாம், ஓட்டும் போடலாம். இலங்கைக் கோப்பு வரும் நாளில், இந்தியாவும் கடன் கொடுத்த நாடாக இருந்தால், நம் ஆள் எழுந்து வெளியே போய் அண்டை நாட்டுக்காரரைப் பேசவிடலாம். நாலு நாட்டு நிதி அமைச்சகங்களும் எத்தனை முறை கலந்து பேசின, எதில் உடன்படவில்லை என்று ஆண்டுக்கொரு பொது அறிக்கை போடலாம். மூன்றாவதாக, ஓட்டைப் பிரித்துப் போட அனுமதிக்கும் விதித் திருத்தத்தை இந்தியாவே முன்மொழியலாம். இதற்கு 85 சதவீதம் தேவை, உடனே நடக்காது. ஆனால் முன்மொழிய யாருடைய அனுமதியும் தேவையில்லை.

2025 மே 9-க்குத் திரும்பிப் பாருங்கள். அப்போது வங்கதேசமே ஐஎம்எஃப் கடன் திட்டத்தில் இருந்தது, அடுத்த தவணைக்காகக் காத்திருந்தது. டெல்லிக்கும் டாக்காவுக்கும் இடையே உறவு சுமுகமாக இல்லாத காலம் வேறு. தன் தவணைக்காகக் குழுவின் தயவை எதிர்பார்த்திருந்த ஒரு நாட்டின் ஓட்டு, அதோடு சம்பந்தமே இல்லாத ஒரு மோதலில், அதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தது. பாகிஸ்தானுக்குக் கடன் தருவதை இந்தியா ஆட்சேபித்தது சரியா தவறா என்பது தனி விவாதம். அதில் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் இந்தக் கேள்வி மாறாது.

2023-ல் ஜி20 தலைமை இந்தியாவிடம் இருந்தபோது, ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராக்கியது உண்மையான சாதனை. அந்த ஆண்டு ஜனவரியில் 'குளோபல் சவுத்' நாடுகளைக் கூட்டி மாநாடும் நடத்தினோம். தொலைவில் இருக்கிறவர்களுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்த அதே அரசிடம், தன் நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று பேரைப் பற்றி நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுப்பலாம். மே 9 முடிவுக்கு முன் கொழும்பு, டாக்கா, திம்புவிடம் கருத்துக் கேட்டீர்களா, கேட்டிருந்தால் என்ன சொன்னார்கள்? எழுத்துபூர்வமாகப் பதில் வாங்க முடிகிற கேள்வி இது. ஐஎம்எஃப் நிர்வாக இயக்குநர்களுக்கான அடுத்த வழக்கமான தேர்தல் 2026 பிற்பகுதியில் வருகிறது.